மறு: 'கிராஸ் கம்பைல்' - குறுக்குத் தொகுப்பா, அயற்பெயர்ப்பா?

வணக்கம். கம்பைல் என்பது நாம் எழுதும் மூலநிரலைக் கணினி ஓட்டக்கூடிய கட்டளைகளாக மாற்றுவது. ஒரு கணினியில் இருந்துகொண்டு வேறொரு சூழலுக்காக அப்படி மாற்றுவது கிராஸ் கம்பைல். அதற்கு 'அயற்பெயர்ப்பு' என்று நான் சொன்னதற்கு வந்த கேள்விகளுக்கு இந்தப் பதில்.

> 'குறுக்குத் தொகுப்பு' ஏற்கெனவே சில இடங்களில் வழங்குகிறதே, அதையே வைத்துக்கொண்டால் என்ன?

படிப்பவருக்கு அதில் என்ன புரியும் என்பதுதான் என் கவலை. குறுக்கு என்றதும் நமக்குக் குறுக்குவழி நினைவுக்கு வரும், தொகுப்பு என்றதும் கவிதைத் தொகுப்பு. இரண்டையும் சேர்த்தால் ஏதோ சுருக்கப் பதிப்பு போலிருக்கிறது.

இந்தச் சொல் எனக்குத் தேவைப்பட்டது லிப்சோடியம் பற்றி எழுதும்போது. சி மொழியில் எழுதப்பட்ட மறையீட்டு நிரலகம் அது, அதாவது தகவலைப் பிறர் படிக்கமுடியாதபடி காக்க உதவும் ஆயத்த நிரல்களின் திரட்டு. லினக்ஸ் கணினியில் வழக்கம்போலக் கம்பைல் செய்தால் அந்தக் கணினியின் செயலிக்கான கட்டளைகள் கிடைக்கும். அதே மூலநிரலை எம்ஸ்கிரிப்டன் என்ற கம்பைலரிடம் கொடுத்தால் வெப்அசெம்பிளி என்ற வேறொரு கட்டளை வடிவம் கிடைக்கும். அது உலாவி போன்ற ஒரு சூழலுக்குள்தான் ஓடும். கம்பைல் நடப்பது ஓரிடம், ஓடப்போவது வேறிடம். சொல்லில் தெரியவேண்டியது அந்த வேறிடம். அதனால்தான் 'அயல்' என்றேன்.

'பெயர்ப்பு' ஏன்? தொல்காப்பிய மரபியல் வழிநூலின், அதாவது முதல்நூலைப் பின்பற்றி எழும் நூலின், வகைகளைச் சொல்லும்போது தொகுத்தலையும் மொழிபெயர்த்தலையும் தனித்தனியாக வைக்கிறது. கம்பைலர் செய்வது இரண்டாவது வேலை. தொகுத்தல் என்ற சொல் வலைநிரலர்களுக்கு வேறிடத்தில் கட்டாயம் வேண்டும்: பல கோப்புகளைக் கட்டி ஒன்றாக்குவதற்கு, அதாவது பண்டில் செய்வதற்கு. 'லிப்சோடியத்தைப் பெயர்த்து, ஜாவாஸ்கிரிப்ட் உறையோடு தொகுத்தோம்' என்று எழுதிப் பாருங்கள், இரண்டு வேலையும் தெளிவாகப் பிரிகின்றன. இரண்டுக்கும் தொகுத்தலையே போட்டால் அந்த வாக்கியம் நிற்காது.

> புலம்பெயர்ப்பு எனலாமா?

அழகான சொல். ஆனால் மூலநிரல் எங்கும் போய்விடவில்லை, இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதோடு நம் மக்கள் வீடும் ஊரும் இழந்து போனதைச் சொல்லும் சொல் அது. அதை ஒரு கணினி வேலைக்கு எடுத்துத் தர எனக்கு மனம் வரவில்லை.

'அயல்' பிடித்துப்போக இன்னொரு காரணமும் உண்டு. அயலிடத்துக்குப் போனால் சொந்த இடத்து வசதிகள் சில கிடைக்காது. மறைத்ததைத் திறக்க உதவும் திறவி (கீ) கிடக்கும் நினைவகப் பக்கம் வட்டுக்குப் போய்விடாமல் பூட்டச் சொல்லி இயங்குதளத்திடம் லிப்சோடியம் கேட்க முடியும். உலாவிக்குள் அப்படிக் கேட்க வழியில்லை. தற்போக்கு (ரேண்டம்) எண்களையும் உலாவியிடம்தான் வாங்க வேண்டும். இவற்றைவிட முக்கியமானது நேரம். எடுக்கும் நேரத்தை அளந்து திறவியை யாரும் ஊகித்துவிடக் கூடாது என்று, மறைத்திறவி எதுவானாலும் கணக்கு ஒரே நேரம் எடுக்கும்படி சி நிரலைக் கவனமாக எழுதியிருக்கிறார்கள். வெப்அசெம்பிளியை உலாவி மறுபடியும் செயலிக்கான கட்டளைகளாகப் பெயர்க்கிறது. அந்தப் பெயர்ப்பில் நேரச் சமன்மை அப்படியே நிற்கும் என்று வெப்அசெம்பிளி வரையறை உறுதி தருவதில்லை. 'அயற்பெயர்ப்பு' என்று படிக்கும் மாணவர் 'அங்கே என்ன மாறும்?' என்று கேட்பார். கேட்க வேண்டிய கேள்வி அது.

என்கிரிப்ட் செய்வதற்கு, அதாவது திறவி இல்லாதவர் படிக்கமுடியாதபடி தகவலை மாற்றுவதற்கு, என்ன சொல் என்ற கேள்விக்கு: 'மறையாக்கம்'. 'குறியாக்கம்' யூனிகோடு போன்ற எழுத்துக் குறிமுறைகளுக்குப் (என்கோடிங்) போய்விட்டது. லிப்சோடியத்திலேயே பதினாறடி எண்ணாக மாற்றும் குறியாக்கமும் இருக்கிறது, மறையாக்கமும் இருக்கிறது. ஒரே சொல் போதாது.

சரி, வினையாக வரும்போது என்ன செய்வது? 'அயற்பெயர்த்தேன்' நாக்கில் தட்டுகிறது. 'உலாவிக்குப் பெயர்த்தேன்' என்றால் நான்காம் வேற்றுமையே இடத்தைச் சொல்லிவிடுகிறது. பெயர்ச்சொல்லுக்கு மட்டும் 'அயல்' இருக்கட்டும் என்று தோன்றுகிறது. கம்பைலரைத் 'தொகுப்பி' என்று படித்துப் பழகியவர்களுக்கு இது உறுத்துகிறதா என்று சொல்லுங்கள்.