அரை மணி நேரம் சரி, யாருக்கு அரை மணி நேரம்?

நான்காம்மாற்றல்:
கணவனுக்கோ மனைவிக்கோ வேறு ஊரில் வேலை கிடைத்துக் குடிபோகிறவர்கள் எந்தப் புறநகரில் வீடு பார்ப்பது என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு நேர்கோடு நேற்று சொன்ன பதில் இது: "வேலைக்குப் போகிறவரின் அலுவலகத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் வீடு பாருங்கள். மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும்." படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. தானாக எப்படிச் சரியாகும்? யாரோ ஒருவர் உட்கார்ந்து சரிசெய்கிறார். நான்கு முறை பெட்டி கட்டியவள் நான். நான்கு முறையும் அவர் ஆபீஸுக்குப் பக்கத்தில்தான் வீடு. மூன்றாவது வீட்டிலிருந்து எனக்குக் கிடைத்த வேலைக்குப் போக ஒன்றே முக்கால் மணி நேரம். ஏழே மாதத்தில் விட்டுவிட்டேன்.

நேர்கோடு:
உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் அரை மணி நேரம் என்பது என் கற்பனை இல்லை. இத்தாலிய இயற்பியலாளர் மார்கெட்டி 1994இல் எழுதியது. எந்தக் காலத்திலும் மனிதன் அரை மணி நேரத்துக்கு மேல் பயணத்தைத் தாங்கமாட்டான்.

நான்காம்மாற்றல்:
படித்துவிட்டு எழுதுங்கள். மார்கெட்டி சொன்னது நாள் ஒன்றுக்கு மொத்தம் ஒரு மணி நேரம், போக வர எல்லாம் சேர்த்து. அதுவும் சராசரி. பழைய மதில் நகரங்களின் குறுக்களவு 5 கிலோமீட்டரைத் தாண்டவில்லை, மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பவர் நடுவிலிருந்து விளிம்புக்கு அரை மணியில் போய்விடலாம் என்று காட்டினார். "தாங்கமாட்டான்" என்பது நீங்கள் சேர்த்த சொல். சம்பளக்காரருக்கு மட்டும் பொருந்தும் என்றும் அவர் எழுதவில்லை.

நேர்கோடு:
ஒரு மணியில் பாதி அரை மணி. நான் சொன்னதும் அதுதானே?

வாசல்படி:
ஒரு சந்தேகம். இந்த அரை மணி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? ஞாயிற்றுக்கிழமை மாலை மேப்பில் பார்த்தால் 28 நிமிடம் காட்டும். திங்கள் காலை எட்டரைக்கு அதே வழி வேறு கதை. 20 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால், நேரம் பார்க்காமல் போகிறவர் சராசரியாக 10 நிமிடம் நிற்கிறார். நிறுத்தம் வரை நடை தனி. முதலில் இதைத் தீர்மானித்துவிட்டுச் சண்டை போடலாமே. மனைவியின் வேலைக்காகக் குடிபெயர்ந்த ஆண் நான், வீடு தேடி அலைந்ததும் நான்தான்.

நேர்கோடு:
அதெல்லாம் சில்லறைக் கணக்கு. பயணம் எவ்வளவு கொடுமை என்பதற்கு ஆதாரம் வேண்டுமா? உளவியலாளர் கானமனின் குழு 2004இல் வெளியிட்ட ஆய்வுக்காக டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் முந்தின நாளைக் கட்டம் கட்டமாகக் கேட்டது. மனதுக்கு எது எவ்வளவு பிடித்தது என்ற வரிசையில் காலைப் பயணம் அடிமட்டத்தில் இருந்தது. அதனால்தான் அரை மணி நேரம் என்கிறேன்.

நான்காம்மாற்றல்:
நீங்களே எழுதியதைத் திரும்பப் படியுங்கள். 909 பெண்கள். வேலைக்குப் போகும் பெண்கள். அவர்கள் பட்ட வேதனையை எடுத்துக் கணவன் ஆபீஸுக்குப் பக்கத்தில் வீடு பார்க்கச் சொல்கிறீர்களே, கூசவில்லையா? மின்சர் என்ற பொருளாதார அறிஞர் 1978இலேயே குடும்ப இடமாற்றம் பற்றி எழுதிவிட்டார். குடும்பத்துக்கு மொத்தத்தில் லாபம் என்பதால், தனக்கு நஷ்டம் வந்தாலும் துணைக்காகக் கட்டுண்டு கூடவே நகர்கிறவரைப் பற்றித்தான் அந்தக் கட்டுரை. அந்த நஷ்டக்காரருக்கு எத்தனை நிமிடம் என்று நீங்கள் ஒரு வரி எழுதவில்லை.

நேர்கோடு:
நான் "கணவன்" என்று எங்கே எழுதினேன்? "வேலைக்குப் போகிறவர்" என்றேன். வார்த்தையைத் திரிக்காதீர்கள்.

நான்காம்மாற்றல்:
சரி, வீட்டில் இருவரும் வேலைக்குப் போனால் உங்கள் "வேலைக்குப் போகிறவர்" யார்?

பழையவாடகை:
இதே நேர்கோடுதான் போன வருடம், "புது ஊருக்குப் போன உடனே வீடு வாங்கிவிடு, வாடகை வீண்" என்று என்னிடம் மல்லுக்கட்டினார். அதைக் கேட்டு வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? என் துணைவருடைய நிறுவனம் எட்டாவது மாதம் ஆபீஸையே நகரின் மறுகோடிக்கு மாற்றிவிட்டது. அரை மணி ஒன்றரை மணி ஆனது. வாடகை வீடு என்பதால் காலி செய்துவிட்டுப் போனோம்.

நேர்கோடு:
அந்த விவாதம் முடிந்துபோனது, இங்கே இழுக்காதீர்கள். அன்றைக்கும் நீங்கள் பதில் சொல்ல முடியாமல் பாதியில் ஓடினீர்கள்.

பழையவாடகை:
ஓடவில்லை. சாமான் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

நான்காம்மாற்றல்:
நான் சொல்லவந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆபீஸுக்குப் போகிறவர் ஒரு நாளில் பத்து மணி நேரம் அந்தப் புறநகரிலேயே இருப்பதில்லை. போய் இறங்கிய முதல் நாளே அவருக்கு மேசையும் மதியம் சேர்ந்து உட்கார நான்கு பேரும் கிடைத்துவிடுகிறார்கள். கூட வந்தவருக்கு அந்தத் தெருதான் உலகம். நடந்துபோக ஒரு நூலகமோ பூங்காவோ கடையோ இருக்கிறதா, வண்டி ஓட்டத் தெரியாதவர் பகல் நேரத்தில் வெளியே போக பஸ் உண்டா, தனக்கு ஒரு வேலை கிடைத்தால் ரயில் நிலையம் எத்தனை தூரம், பிள்ளைகள் இருந்தால் அந்த முகவரிக்கு எந்தப் பள்ளியில் இடம் கிடைக்கும்? இதையெல்லாம் பார்த்த பிறகுதான் ஆபீஸ் தூரம். இரண்டாவது வீட்டில் எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியவே எனக்குப் பதினோரு மாதம் ஆனது. அந்த வீட்டிலிருந்து அவர் ஆபீஸ் 20 நிமிடம். உங்கள் கணக்குப்படி அது அருமையான வீடு.

வாசல்படி:
உண்மைதான். ஆனால் ஆபீஸ் தூரம் கடைசி என்பதை நான் ஏற்கமாட்டேன். என் மனைவி இரவு ஒன்பதுக்குக் களைத்து வந்த வீட்டில் பூங்காவை வைத்து நான் என்ன செய்ய? அரை மணி முக்கியம்தான். வாசலிலிருந்து வாசலுக்கு அரை மணியா என்று நான் கேட்டதற்குத்தான் இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

நேர்கோடு:
பார்த்தீர்களா, அவரே ஒத்துக்கொண்டார். அரை மணி முக்கியம்.

வாசல்படி:
நான் ஒத்துக்கொண்டது உங்களிடம் இல்லை.

முதல்முறை:
கேள்வி கேட்டது நான்தான். இரண்டு வீடு பார்த்து வைத்திருக்கிறோம், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். ஒன்றிலிருந்து 25 நிமிடம். மற்றது 50 நிமிடம், ஆனால் ரயில் நிலையம் பக்கம்.

நேர்கோடு:
25. அரை மணிக்குள் வந்துவிட்டது. யோசிக்காமல் எடுங்கள்.

நான்காம்மாற்றல்:
யாருக்கு 25? உங்கள் வீட்டில் மாற்றல் யாருக்கு, கூடப் போவது யார்? முதல்முறை, அதைச் சொல்லுங்கள். நேர்கோடு இதுவரை அதைக் கேட்கவே இல்லை.