ரத்மான்ஸ்கியின் பழைய பாலேக்களும் புதிய பாலேக்களும்: இரண்டு பாதைகளா, ஒன்றா?

மேடைவிளக்கு:
அனைவருக்கும் வணக்கம். சில மாதங்களாக நடன அமைப்பாளர் அலெக்ஸெய் ரத்மான்ஸ்கியின் பாலேக்களைக் கிடைக்கும் பதிவுகளில் எல்லாம் பார்த்து வருகிறேன். 1968இல் லெனின்கிராடில் பிறந்து, கீவ் நகரில் வளர்ந்து, மாஸ்கோவின் போல்ஷோய் பள்ளியில் பயின்று, கீவ், வினிப்பெக், கோபன்ஹேகன் குழுக்களில் ஆடி, 2004 முதல் 2008 வரை போல்ஷோய் பாலேயின் கலை இயக்குநராக இருந்தவர் என்பது வரை அவருடைய பயணம் எனக்குத் தெளிவாக இருக்கிறது. அதற்குப் பின் வருவதுதான் புரியவில்லை. சோவியத் இசையமைப்பாளர் ஷொஸ்தகோவிச்சின் இரண்டாம் பியானோ கான்சர்ட்டோவுக்கு 2008இல் நியூயார்க் சிட்டி பாலேயில் ‘கான்சர்ட்டோ டிஎஸ்சிஎச்’ என்ற அத்தனை புதுமையான படைப்பை அமைத்தவர், 2014இலிருந்து ‘பக்கீட்டா’, ‘ஸ்லீப்பிங் பியூட்டி’, ‘ஸ்வான் லேக்’ என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் பீட்டர்ஸ்பர்க் நடன அமைப்பாளர் பெத்திப்பாவின் காலத்துப் பாலேக்களை மீட்டெடுப்பதில் இத்தனை ஆண்டுகளை ஏன் செலவிட்டார்? சொந்தமாகப் படைக்க வேண்டிய காலத்தை அவர் இழந்துவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் தவறாகப் பார்க்கிறேன் என்றால் விளக்குங்கள்.

பழஞ்சுவடி:
பழையதன் மீதான ஈடுபாடு 2014இல் தொடங்கியதாக நீங்கள் கொள்வதில்தான் சிக்கல் இருக்கிறது. அவரைப் போல்ஷோயின் தலைமைக்குக் கொண்டு சேர்த்த ‘தி பிரைட் ஸ்ட்ரீம்’ பாலேயை நினைத்துப் பாருங்கள். கூட்டுப்பண்ணை ஒன்றில் நடக்கும் அந்த நகைச்சுவைக் கதைக்கு ஷொஸ்தகோவிச் இசையமைக்க, நடன அமைப்பாளர் லொபுகோவ் 1935இல் அதை மேடையேற்றினார். 1936இல் சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் பிராவ்தா நாளிதழ் கடுமையாகத் தாக்கியதும் அது மேடையிலிருந்து மறைந்தது. லொபுகோவின் நடன அமைப்பு அழிந்துபோய், இசையும் கதையும் மட்டுமே எஞ்சியிருந்த நிலையில், ரத்மான்ஸ்கி 2003இல் அதற்கு முற்றிலும் புதிய அசைவுகளை அமைத்தார். ஆகவே, இழந்துபோன ஒன்றின் முன்னால் நின்று அதில் எஞ்சியிருப்பதைக் கொண்டு வேலை செய்வது அவருடைய முதல் பெரிய வெற்றியிலேயே இருந்தது.

மீட்டெடுப்பு என்ற சொல்லும் அந்த வேலையின் கடினத்தைக் குறைத்துக் காட்டுகிறது. விளாதிமிர் ஸ்தெபானோவ் 1892இல் வெளியிட்ட குறியீட்டு முறை, உடலசைவுகளை இசைக்குறிப்பைப் போலக் கோடுகளின் மேல் எழுதுவது. பெத்திப்பா காலத்துப் பாலேக்கள் அம்முறையில் எழுதப்பட்ட பீட்டர்ஸ்பர்க் ஏடுகளை, 1917 ரஷ்யப் புரட்சிக்குப் பின், அங்கு பாலே மேற்பார்வையாளராக இருந்த நிகோலாய் செர்கேயெவ் வெளிநாட்டுக்கு எடுத்துச் சென்றார். இன்று அவை ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. ரத்மான்ஸ்கி தம் மனைவியுடன் சேர்ந்து அந்தக் குறியீட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டார். ஏடுகளில் கால்களின் அசைவு நுணுக்கமாக எழுதப்பட்டிருந்தாலும், கைகளுக்கும் மேலுடலுக்கும் உரிய இடம் பல பக்கங்களில் வெறுமையாகவே இருக்கிறது. அந்த வெறுமையை நிரப்ப வேண்டியவர் நடன அமைப்பாளர்தான். படைப்பாளி அல்லாத ஒருவரால் அதைச் செய்ய முடியாது.

ஆடற்கூடம்:
பல ஆண்டுகள் பாலே பயின்றவள் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். அமெரிக்கன் பாலே தியேட்டர் 2015இல் மேடையேற்றிய அவருடைய ‘ஸ்லீப்பிங் பியூட்டி’யில் கால்கள் காதுவரை உயர்வதில்லை, முழங்கால் சற்றே மென்மையாக மடிந்திருக்கிறது, வரிசைச் சுழற்சிகள் விரல்நுனியில் ஏறாமல் அரைப்பாதத்தில் அமைகின்றன. முதலில் பார்த்தபோது இது எனக்குக் குறையாகத்தான் பட்டது. ஆனால் காலை அவ்வளவு உயரத்துக்குக் கொண்டுசென்று நிறுத்தக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் இசையின் வேகம் கூடுகிறது, வேகம் கூடும்போது சிறு அடிகளுக்கு உயிர் வருகிறது. உயரத்தை வியப்பதற்கே பழக்கப்பட்ட என் கண்ணுக்கு அடிகளின் தொடர்ச்சியைக் கவனிக்கக் கற்றுத்தந்தது அந்தப் படைப்புதான்.

ஆனாலும் பழஞ்சுவடி அவர்களுடன் நான் முழுமையாக உடன்படவில்லை. முழுநீளப் பாலே ஒன்றைத் தயாரிக்க ஒரு குழுவின் ஆட்களும் ஒத்திகை நேரமும் பெருமளவில் தேவைப்படுகின்றன, அந்த நேரத்தில் வேறு எதுவும் பிறக்காது. மேடையுலகில் நேரத்தைவிட அரிய பொருள் இல்லை என்பதால், மேடைவிளக்கு அவர்களின் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது.

வடதிசை:
இந்த விவாதத்தில் 2022ஆம் ஆண்டை யாரும் குறிப்பிடாதது எனக்கு வியப்பாக இருக்கிறது. உக்ரைன் மீது ரஷ்யா முழுமையான போர் தொடுத்த பிப்ரவரி 24 அன்று அவர் மாஸ்கோவில், போல்ஷோய் குழுவுக்காகப் புதிய பாலே ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார். அதை அப்படியே விட்டுவிட்டு வெளியேறினார். அதே ஆண்டில், போரினால் நாட்டைவிட்டு வந்து தி ஹேக் நகரில் ஒன்றுசேர்ந்த உக்ரைன் நடனக் கலைஞர்களுக்காக ‘ஜிசெல்’ பாலேயை அமைத்துத் தந்தார். பழைய பாலே ஒன்றுதான் அவர்களுக்கு மேடையையும் அன்றாடப் பயிற்சியையும் மீட்டுத் தந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

அடுத்து, 2023இல் நியூயார்க் சிட்டி பாலேயில் உறைவிடக் கலைஞராகச் சேர்ந்தபின் அவர் அமைத்த முதல் படைப்பு ‘சாலிட்யூட்’. கார்கிவ் நகரில் கொல்லப்பட்ட மகனின் கையைப் பற்றியபடி மண்டியிட்டிருந்த தந்தையின் புகைப்படத்திலிருந்து பிறந்தது அது. இசையமைப்பாளர் மாலரின் இசை நகர்ந்துகொண்டிருக்க, தந்தையாக வருபவர் நெடுநேரம் அசையாமல் சிறுவனின் அருகில் இருக்கிறார். மேடை நிறைய அடிகளை அடுக்கித் தருபவர் என்று அறியப்பட்ட ஒருவர் இந்த அசைவின்மையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்பதே அவருடைய வாழ்வில் நேர்ந்த திருப்பத்தைக் காட்டுகிறது. என் பார்வையில் பிளவு பழையதற்கும் புதியதற்கும் இடையே இல்லை. போருக்கு முன்னும் பின்னும் என்றுதான் இருக்கிறது.

மேடைவிளக்கு:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ‘தி பிரைட் ஸ்ட்ரீம்’ பற்றிய செய்தி என் கேள்வியின் அடித்தளத்தையே மாற்றிவிட்டது. ஆனால் வடதிசை அவர்கள் சொல்வதை ஏற்றால், ‘சாலிட்யூட்’டுக்குப் பின் அவர் பெத்திப்பாவிடம் திரும்ப மாட்டார் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பழஞ்சுவடி:
அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. ‘சாலிட்யூட்’ 2024 பிப்ரவரியில் அரங்கேறியது. ஏறக்குறைய ஓராண்டு கழித்து, 2025 பிப்ரவரியில், அதே குழுவில் அவர் அமைத்தது ‘பக்கீட்டா’.