பிலிம் லுக் பிரிசெட்டால (டிஜிட்டல் படத்தைப் பழைய பிலிம்ல எடுத்த மாதிரி மாத்துற ரெடிமேட் எடிட்டிங் செட்டிங்) நீங்க மறக்க முடியாத சம்பவம் எது?

தஞ்சை_ஆல்பம்:
போன மாசம் நடந்தது, இன்னும் மண்டைக்குள்ள ஓடுது. நான் ஆல்பம் டிசைன் மட்டும்தான். கலர் வேற ஒரு எடிட்டர் பண்ணி அனுப்பினது. முகூர்த்தம் பூரா கோடாக்கோட போர்ட்ரா 400 பிலிம் மாதிரி ஒரு பிரிசெட், எல்லாப் படத்துக்கும் ஒரே செட்டிங்கா சிங்க். செலக்‌ஷனுக்குப் பொண்ணோட அம்மா வந்தாங்க. கொஞ்ச நேரம் பேசாம பார்த்தாங்க. அப்புறம் பையில இருந்து அந்தப் பட்டுப்புடவையோட பிளவுஸ் துணியை எடுத்து மானிட்டர்ல சாய்ச்சு வெச்சாங்க. "தம்பி, இது அரக்கு. நீங்க காட்டுறது காப்பிப்பொடி." அவ்வளவுதான். ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தப்ப எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. சிவப்போட ஹியூவை, அதாவது நிறச் சாயலை, ஆரஞ்சு பக்கம் தள்ளி சாச்சுரேஷனையும் (நிறத்தோட அழுத்தம்) இறக்கினா அரக்கு எங்க நிக்கும்? தாலிக் கயித்து மஞ்சளும் வெளிறிக் கிடந்துச்சு. அந்தக் குடும்பம் ஊர் ஊரா அலைஞ்சு எடுத்த புடவைங்க அது.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தா எழுதுங்க.

நெல்லை_கிளிக்:
அண்ணே, புடவை இருக்கட்டும், தோலு என்னாவுது? அக்கா மக படம், வாசல்ல, சாயங்கால வெளிச்சம். காசு குடுத்து வாங்கின வெளிநாட்டு பிரிசெட் பேக். போட்டுக் காட்டினேன். "மாமா, எனக்கு யாரு பவுடர் போட்டா? நான் போடவே இல்லையே"ன்னு அந்தப் புள்ள கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துச்சு. பிரிசெட்டைத் தொறந்து பார்த்தா ஆரஞ்சு லூமினன்ஸை (வெளிச்ச அளவு) ஏத்தி, சாச்சுரேஷனை இறக்கி வெச்சிருக்கான். வெள்ளைத் தோலுக்கு அது பளிச்சுன்னு இருக்கும். நம்ம கருப்புக்கு அதே ரெண்டு ஸ்லைடரும் உயிரை உறிஞ்சிடும்.

இது இன்னைக்கு வந்த நோய் இல்ல. பிரிண்ட் கலரைச் சரி பார்க்கன்னு கோடாக் லேபுகளுக்கு அனுப்பின மாதிரிப் படமான ஷெர்லி கார்டுல பல வருஷமா இருந்தது வெள்ளைக்காரப் பொண்ணுங்கதான். அந்த முகம் சரியா வந்தா பிரிண்ட் சரின்னு கணக்கு. சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் பழுப்பு நிறம் பிரிஞ்சு வரலைன்னு முறையிட்ட பிறகுதான் அதைத் திருத்தினாங்கன்னு அங்க வேலை பார்த்தவங்களே சொல்லியிருக்காங்க. மனுசன் தோலுக்காகத் திருத்தலை. அதை நினைச்சாத்தான் எனக்குப் பொறுக்கல.

கோவை_மினிலேப்:
நெல்லை தம்பி, கார்டு விஷயம் சரி. ஆனா பிலிம் மேலயே பழியைப் போடாதீங்க. நெகட்டிவுக்குன்னு கடைசி நிறம் ஒண்ணு கிடையாது. கலர் நெகட்டிவ் கழுவுற சி-41 கெமிக்கல்ல 37.8 டிகிரியில, 3 நிமிஷம் 15 செகண்ட் டெவலப் ஆகி வர்ற அந்த ஆரஞ்சுப் பட்டையைப் பார்த்து யாரும் "இதுதான் போர்ட்ரா கலர்"னு சொல்ல முடியாது. ஃபிரான்டியர் லேப் மெஷின்ல ஸ்கேன் பண்ணா ஒண்ணு, நோரிட்சு மெஷின்ல பண்ணா இன்னொண்ணு, ஆபரேட்டர் கை பட்டா மூணாவது. நீங்க வாங்கின பேக் எவனோ ஒருத்தன் ஸ்கேன் பண்ணின ருசி, அவ்வளவுதான்.

என் சம்பவம்: ஒரு பெரியவர் அவங்க அப்பா நிக்கிற படத்தைப் பிரிண்ட் போடக் குடுத்தார். வேட்டியில லேசா நீலம் ஏறியிருந்ததை மெஷின் தானாவே இழுத்து நடுநிலை வெள்ளையாக்கிடுச்சு. பார்க்க சுத்தமா இருந்துச்சு. அவர் கையில வாங்கிப் பார்த்துட்டு, "எங்கப்பா சொட்டு நீலம் போடாம வேட்டி கட்டினதே இல்ல, அதைக் கொண்டாங்க"ன்னார். பிரிண்ட் மெஷின்ல மஞ்சள் கீயைக் குறைச்சுக் குறைச்சு, அவர் தலையாட்டுற வரைக்கும் போட்டுக் குடுத்தேன். அந்த நீலம் எந்தப் பிரிசெட்டுக்கும் தெரியாது.

தாம்பரம்_பஸ்ஸ்டாண்டு:
எல்லாரும் திட்டுறீங்க, எனக்கு நல்லதுதான் நடந்துச்சு. ஃபியூஜி கேமரா, அதுக்குள்ளயே இருக்கிற கிளாசிக் நெக்-ங்கிற பிலிம் லுக், எடிட் பண்ணாம நேரா ஜேபெக். 2019-ல எக்ஸ்-ப்ரோ3 கேமராவுல வந்ததே அது, ஃபியூஜியோட சுப்பீரியா பிலிம் மாதிரி பண்ணினது. அடுப்படியில தட்டு கழுவிட்டிருந்த அம்மாவை ட்யூப்லைட்ல எடுத்தேன். நிழல்ல பச்சை ஏறி, சுவர் ஒரு மாதிரி மங்கலா வந்துச்சு. அம்மா பார்த்துட்டு, "இது பழைய வீடுல்ல?"ன்னாங்க. நாங்க அந்த வீட்டைக் காலி பண்ணி ரொம்ப வருஷம் ஆச்சு. 90கள்ல எங்க வீட்டு ஆல்பம் மொத்தமும் இந்தக் கலர்லதான் இருக்கு. தோல் மாறுதா மாறலையான்னு கேட்டா, எங்க அம்மா அம்மாவாத்தான் இருந்தாங்க.

திருவல்லிக்கேணி_நைட்வாக்:
என்னோடது சின்னது. ராத்திரி டீக்கடை, 800டி பிரிசெட். மாஸ்டர் பார்த்துட்டு, "லைட்டைச் சுத்தி ஏன் செவப்பா இருக்கு, ஷார்ட் சர்க்யூட்டா?"ன்னு நிஜமாவே ஒயரைப் பார்க்கப் போயிட்டார். சினிஸ்டில் 800டி-ங்கிறது கோடாக்கோட சினிமா பிலிம், பின்னாடி இருக்கிற கருப்புப் பூச்சை எடுத்தது. அதனால வெளிச்சம் பிலிமைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்து சிவப்பா பரவும். பிரிசெட்டுக்கு அந்தக் காரணம் தெரியாது, அவர் வெள்ளைச் சட்டையைச் சுத்தியும் சிவப்பு வளையம் போட்டு வெச்சிருந்துச்சு.

தஞ்சை அண்ணனுக்கு ஒண்ணு சொல்றேன். அந்த எடிட்டர்கிட்டச் சொல்லுங்க: பிரிசெட் போடுறதுக்கு முன்னாடி ஒயிட் பேலன்ஸும் (வெள்ளை வெள்ளையாத் தெரிய லைட்டோட நிறத்தைச் சரி பண்றது) எக்ஸ்போஷரும் (வெளிச்ச அளவு) படத்துக்குப் படம் சரி பண்ணணும். மண்டபத்து எல்இடியும் வீடியோ லைட்டும் கலந்து கிடக்கிற இடத்துல ஒரே சிங்க் எடுபடவே எடுபடாது. பிரிசெட்டுக்குள்ள ஒயிட் பேலன்ஸ் சேவ் ஆகியிருந்தா அதை எடுத்துட்டு மறுபடி சேவ் பண்ணச் சொல்லுங்க. கேமரா எதையும் மாத்தாம அப்படியே குடுக்கிற ரா ஃபைலுக்குப் பண்ணின பிரிசெட்டை ஜேபெக்ல போட்டா நிழல் எல்லாம் அடைச்சுக்கும், கேமரா ஏற்கெனவே கான்ட்ராஸ்ட் ஏத்தியாச்சு இல்லையா. பிரிசெட் எவ்வளவு ஏறணும்னு வைக்கிற அமவுன்ட் ஸ்லைடரைப் பாதிக்குக் கீழ இறக்கிப் பார்க்கலாம். முகத்தையும் கையையும் மட்டும் மாஸ்க் போட்டுத் தனியாப் பிரிச்சு ஆரஞ்சைப் பழைய இடத்துக்கே கொண்டு வரலாம். டோன் கர்வ்ல (கருப்புல இருந்து வெள்ளை வரைக்கும் வெளிச்சத்தை ஏத்தி இறக்குற கோடு) கருப்பு முனையைத் தூக்கி வெச்சிருப்பாங்க, அதைக் கீழ இறக்கினா கருந்தோலுக்கு ஆழம் திரும்பும். எல்லாத்துக்கும் மேல, புடவையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துல ஒரு படம் எடுத்து வெச்சுக்கிட்டு அதைப் பார்த்துக் கலர் பண்ணணும்.

தஞ்சை_ஆல்பம்:
தம்பி, நான் டிசைனர்தான், ஸ்லைடர் வேலையெல்லாம் அந்த எடிட்டரோடது. ஆனா ஜன்னல் வெளிச்ச யோசனை நல்லா இருக்கு, சொல்லிடறேன். கோவை அண்ணே, உங்க பெரியவரோட அப்பா வேட்டியும் எங்க கல்யாணப் பொண்ணு புடவையும் ஒண்ணுதான். அந்தந்தக் குடும்பத்துக்குத்தான் நிறம் தெரியுது.

ஊட்டி_மிஸ்ட்:
லேட்டா வந்தேன். எங்க அப்பா ஊட்டி இந்துநகர் பிலிம் பேக்டரியில, பிலிம்ல மருந்து பூசுற கோட்டிங் பக்கம் வேலை பார்த்தவர். ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967-ல உற்பத்தி ஆரம்பிச்சது. இருட்டுக்குள்ளயே பாதி வாழ்க்கை போச்சும்பார். நான் கருப்பு வெள்ளை பிரிசெட் போட்டு கிரெய்ன் ஸ்லைடரை (பிலிம்ல தெரியுற பொடி மணிகளைப் படத்துல சேர்க்கிறது) ஏத்திட்டு இருந்தேன். பின்னாடி வந்து நின்னு, "எந்த ஸ்பீடு பிலிம் இது?"ன்னு கேட்டார். சும்மா அழகுக்குன்னேன். கண்ணாடியைக் கழட்டி ஸ்கிரீன் கிட்ட குனிஞ்சு, "இருட்டுலயும் வானத்துலயும் ஒரே அளவா இருக்கே. பிரிண்ட்ல நடு சாம்பல்லதான் மணி நல்லாத் தெரியும், நல்ல கருப்புல அடங்கிடும்"னு சொல்லி, மௌஸை என் கையில இருந்து வாங்கினார். ரொம்ப நேரம் குடுக்கவே இல்ல. ஒவ்வொரு இடமா மாஸ்க் போடச் சொல்லி ஏத்தி இறக்கிட்டே இருந்தார்.

இந்து பிலிம்ல எடுத்த பழைய நெகட்டிவ் ஸ்கேன் யார்கிட்டயாவது இருந்தா போடுங்க. அப்பா கேட்டுட்டே இருக்கார்.