உரையாடல் அரங்குக்கான பட்டுப்புடவை மடிப்பில் கிழிகிறது: உதவி தேவை

வேலூரில் அடுத்த மாதம் நடக்கவுள்ள அருங்காட்சியகப் பொது உரையாடலில், திரைப்பட உடை வடிவமைப்பாளர் ஒருவர், முப்பது ஆண்டுகளுக்கு முன் தாம் ஒரு படத்துக்காக வடிவமைத்த ஆரணிப் பட்டுப்புடவையைப் பார்வையாளர்முன் வைத்துப் பேச விரும்புகிறார். அந்தப் புடவையோ மடிப்புதோறும் கிழிந்து வருகிறது. முந்தியின் குறுக்கு மடிப்பில் பாவு எனும் நீளவாட்டு இழைகள் அறுந்து, ஊடை எனும் குறுக்கிழை மட்டும் நிற்கிறது, சரிகை கறுத்துவிட்டது.

இஸ்திரி போடுவதை நிறுத்தி, அமிலமற்ற தாள் சுற்றிய உருளையில் சுருட்டி வைத்திருக்கிறோம். காட்சி விளக்கின் ஒளியையும் 50 லக்ஸுக்குக் குறைத்தோம். சரிகையைப் பொடி போட்டுத் துலக்கச் சிலர் சொன்னார்கள். மேற்பூச்சே தேய்ந்துவிடும் என்பதால் அதற்கு நான் உடன்படவில்லை. ஆரணி நெசவாளர் ஒருவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, புதிய இழை கோத்தால் அதன் இழுப்பைப் பழைய பட்டு தாங்காது என்றார். பொம்மைக்கு உடுத்தியபோது புடவையின் சொந்தப் பாரத்திலேயே கிழிசல் நீண்டதால், உடனே இறக்கிவிட்டோம்.

1983இல் உடை வடிவமைப்புக்காக ஆஸ்கர் விருது பெற்ற பானு அதையா, அந்த விருதுச் சிலையைப் பாதுகாக்கும் பொருட்டு 2012இல் அதை வழங்கிய அகாடமியிடமே ஒப்படைத்தார். படப்பிடிப்பு முடிந்த உடைகளுக்கு அத்தகைய இடம் அரிதாகவே கிடைக்கிறது. அதனால் இந்தப் புடவையை இழக்க எனக்கு மனமில்லை.

வேலூர், ஆரணி வட்டாரத்திலோ சென்னையிலோ, நைந்த பட்டுக்கு அடியில் மெல்லிய தாங்குதுணி வைத்துத் தைத்துத் தரும் துணிப் பாதுகாப்பு வல்லுநர் யாரையேனும் உங்களுக்குத் தெரியுமா?