பொருள்: உட்கூரையில் மாட்டும் இரண்டு கருவிகளுக்குப் பெயர் (வெள்ளிக்குள்)

கிளாஸ்கோவிலிருந்து:
அன்பர்களே, இங்குள்ள ஈழத்தமிழ்க் குடும்பங்களுக்கான துண்டறிக்கை வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. ஸ்காட்லாந்தில் 2022 பிப்ரவரி 1 முதல் எல்லா வீடுகளுக்கும் ஒரே விதி. பகலில் அதிகம் புழங்கும் அறையிலும், ஒவ்வொரு தளத்தின் நடையிலும் புகையை அறியும் கருவி வேண்டும். சமையலறையில் வெப்பத்தை அறியும் கருவி. ஒன்று அலறினால் எல்லாம் அலற வேண்டும். பெயர் குழம்பினால் புகைக் கருவியை அடுப்புக்கு மேலே மாட்டிவிடுவார்கள். செத்தல் மிளகாய் தாளித்ததும் அது கத்தும். கருவியே மேசை இழுப்பறைக்குப் போய்விடும்.

மதுரையிலிருந்து:
புகையுணரி, வெப்பவுணரி. வேலை முடிந்தது.

சென்னையிலிருந்து:
முடியவில்லை. உணரி உணர்வதோடு நின்றுவிடும். இது ஊரைக் கூட்டுகிறதே! புகை எச்சரிப்பான் என்பதே சரி.

தஞ்சையிலிருந்து:
எச்சரிக்கையே தெலுங்கு வழி வந்தது. அதில் ஓர் 'ஆன்' ஒட்டினால் தமிழாகிவிடுமா? நம்மிடம் பறை இருக்கிறது. பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் அன்றாடச் சொல், யாழ்ப்பாணப் பேச்சிலும் உண்டு. நற்றிணையில் வெண்ணெல் அரிவோரின் தண்ணுமைப் பறைக்கு வெருண்டு பழனத்துப் பறவைகள் எழவில்லையா? ஆகவே புகைப்பறை, அனற்பறை.

சென்னையிலிருந்து:
சாவுக்குக் கொட்டும் நெய்தற்பறையும் பறைதான், ஐயா. படுத்திருப்பவர் தலைக்கு மேலே அது வேண்டாம்.

ஈப்போவிலிருந்து:
குறிசொல்லி இருக்கும்போது புகைசொல்லி ஏன் கூடாது? எளிமை, இனிமை.

மதுரையிலிருந்து:
புகைசொல்லியா, புகைச்சொல்லியா? பூச்சிக்கொல்லிக்கு வலி மிகும் என்று சென்ற ஆண்டு இதே குழுவில் சாதித்தவர் நீங்கள்.

(இதன்பின் வந்த மடல்கள் பூச்சிக்கொல்லி பற்றியவை, அவற்றை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். — மட்டுறுத்துநர்)

கிளாஸ்கோவிலிருந்து:
ஐயா, அம்மா, நாளை வியாழன். வரைவை இங்குள்ள ஓர் அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். 'வெப்பவுணரி' என்றதும், இன்னொரு ஹீட்டரா, மின்கட்டணம் ஏறுமா என்று கேட்டார். இந்தக் குளிரில் வெப்பம் என்றால் வேறு எது நினைவுக்கு வரும்? 'புகைப்பறை' அவருக்குச் சிரிப்பை வரவழைத்தது. 'அலாரம்' உடனே புரிந்தது. சுவரிலிருந்தும் விளக்கிலிருந்தும் குறைந்தது 30 செ.மீ. தள்ளி மாட்டுங்கள் என்ற வரியைத்தான் அவர்கள் படித்தாக வேண்டும். அதற்கு முன்பே தலைப்பில் தடுக்கி விழக்கூடாது.

தஞ்சையிலிருந்து:
அலாரம் இத்தாலியச் சொல். 'ஆயுதம் எடு' என்று பொருள். புகையைக் கண்டு வாளெடுப்பதா? மேலும் நம் வீடுகளில் அது விடிகாலை மணி.

சென்னையிலிருந்து:
தூங்குகிறவரை எழுப்பத்தானே இதையும் மாட்டுகிறார்கள்! என் எச்சரிப்பானைத் திரும்பப் பெறுகிறேன். புகை அலாரம், சமையலறை வெப்ப அலாரம். இடத்தின் பெயரும் உள்ளேயே இருக்கட்டும்.

ஈப்போவிலிருந்து:
அரைமனதோடு சம்மதம்.

மதுரையிலிருந்து:
அடைப்புக்குறிக்குள் புகையுணரியையும் போடுங்கள். அடுத்த தலைமுறைக்காவது பழகட்டும்.

கிளாஸ்கோவிலிருந்து:
இடமில்லை. நன்றி. அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

தஞ்சையிலிருந்து:
என் மறுப்பு பதிவாகட்டும். அந்நியச் சொல்லை எடுத்ததே எடுத்தீர்கள், புணர்ச்சி விதியையாவது மதித்திருக்கலாம்: புகையலாரம், வெப்பவலாரம். பூச்சிக்கொல்லி இழையில் விரிவாக எழுதுகிறேன்.