விடுமுறை நாட்களைப் பிள்ளைகளோடு கழிக்க யோசனைகள் தேவை

குழு அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். நாங்கள் பினாங்கு ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறோம். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைப் பேரங்காடியிடமும் கைப்பேசியிடமும் ஒப்படைத்துவிடாமல், வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் உள்ளதைக் கொண்டே அவர்கள் வியந்து மகிழும்படி செய்ய விரும்புகிறோம்.

வியப்புக்கு இங்கே பஞ்சமில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருவதால், பிற்பகல் 1.20 மணியளவில் நேராக நிறுத்திய குச்சிக்கு நிழலே விழுவதில்லை. என் இளைய மகள் நிழலின் நுனியைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டே வந்து, அது குச்சியின் அடியில் ஒடுங்கி மறைந்ததும், "அம்மா, நிழலை யார் எடுத்தது?" என்று கேட்டாள். 1884இல் தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்காவில், நாகலிங்கப் பூ கிளை நுனியில் அல்லாமல் அடிமரத்திலேயே பூத்திருப்பதை என் மாமியார் காட்டியபோதும் அவளுக்கு அதே பரவசம்தான்.

மாமியாருக்கு முழங்கால் வலி இருப்பதால் அவர்களால் தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளில் ஏற இயலாது. ஆனாலும் அவர்கள் இல்லாத மகிழ்ச்சி எங்களுக்கு நிறைவு தராது. ஆகவே, உச்சி வெயிலில் பாட்டியும் பேரப்பிள்ளைகளும் வீட்டுக்குள் சேர்ந்து செய்யக்கூடியவற்றை அனுபவமுள்ள அக்காமார், அண்ணன்மார் தெரிவித்து உதவுங்கள். தெலுக் பஹாங் தேசியப் பூங்காவிலிருந்து ஆமைப் பாதுகாப்பு மையம் உள்ள கெராச்சுட் கடற்கரைக்கு முதியவரைப் படகில் அழைத்துச் சென்றவர்கள் இருந்தால், ஏறி இறங்குவது எளிதா என்பதையும் கூறுங்கள்.