1787இல் அமெரிக்க மாநிலங்களிடமிருந்து கைமாறிய அதிகாரம் எது?

கேள்வி:
1781இல் நடப்புக்கு வந்த, மாநிலங்களை முதலில் ஒன்றிணைத்த கூட்டமைப்பு விதிகளை அமெரிக்கர்கள் எட்டு ஆண்டுகளுக்குள் கைவிட்டு, இன்றைய அரசியலமைப்புக்கு மாறினார்கள். மத்திய அரசு வலுப்பெற்றது என்ற ஒற்றை வரியோடு பாடநூல்கள் நிறுத்திக்கொள்கின்றன. மாநிலங்கள் உண்மையில் எதை இழந்தன என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
வரியிலிருந்து தொடங்கலாம். பழைய விதிகளின்படி காங்கிரசுக்கு, அதாவது மத்தியச் சட்டமன்றத்துக்கு, வரி விதிக்கும் உரிமையே கிடையாது. மாநிலங்களிடம் அவரவர் பங்கைக் கேட்கலாம், தராவிட்டால் கையைப் பிசைந்துகொண்டு இருக்க வேண்டியதுதான். விடுதலைப் போரின் கடனை அடைப்பதற்காக இறக்குமதிப் பொருள்கள்மீது 5 சதவீதச் சுங்கம் விதிக்க அனுமதி கேட்டபோது, விதியைத் திருத்த 13 மாநிலங்களும் ஒப்ப வேண்டும் என்றிருந்ததால், 1782இல் ரோட் ஐலண்ட் மறுத்ததோடு அந்த முயற்சி முடங்கியது. புதிய அரசியலமைப்பு காங்கிரசுக்கு வரி உரிமையைத் தந்தது. நாணயம் அடிப்பது, காகிதப் பணம் வெளியிடுவது, ஒப்பந்தக் கடமைகளைக் குலைக்கும் சட்டம் இயற்றுவது ஆகியவை மாநிலங்களுக்குத் தடை செய்யப்பட்டன.

பதில் 2:
மேலே சொன்னவை சரியே. ஆனால் பட்டியலைவிடப் பெரிய மாற்றம் வேறொன்று என்பது என் கருத்து. முன்பு காங்கிரஸ் மாநிலங்களிடம் மட்டுமே பேச முடிந்தது; 1787க்குப் பிறகு அதன் சட்டமும் வரியும் நீதிமன்றமும் குடிமகனையே நேராகத் தொட்டன. மாநிலச் சட்டங்களை ரத்து செய்யும் அதிகாரத்தைக் காங்கிரசுக்கே தர வேண்டும் என்று வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மேடிசன் வற்புறுத்தியதை, அரசியலமைப்பை வரைந்த 1787 பிலடெல்பியா மாநாடு ஜூலை 17 அன்று நிராகரித்தது. அதற்கு மாற்றாக அன்றே மேரிலாண்டின் லூதர் மார்ட்டின் முன்வைத்த வாசகம்தான், பின்னர் மேலும் இறுக்கப்பட்டு, மத்தியச் சட்டம் மாநில நீதிபதிகளையும் கட்டுப்படுத்தும் என்று அரசியலமைப்பின் ஆறாம் கூறில் நிலைபெற்றது.

கேட்டவர்:
நன்றி. ஒப்படைக்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்று 1791இன் பத்தாம் திருத்தம் சொல்கிறதே, அது போதிய காப்பு இல்லையா?

பதில் 2:
ஒரு சொல்லில் கோட்டைவிட்டார்கள். பழைய விதிகளில் ‘வெளிப்படையாக’ ஒப்படைக்கப்படாதவை என்று இருந்தது. திருத்தத்தில் அச்சொல்லைச் சேர்க்கும் முயற்சி தோற்றது. காங்கிரஸ் தொடங்கிய தேசிய வங்கியின் பால்டிமோர் கிளை, மாநிலம் விற்கும் முத்திரைத் தாளில்தான் நோட்டு அச்சிட வேண்டும், அல்லது ஆண்டுக்கு 15,000 டாலர் கட்ட வேண்டும் என்று மேரிலாண்டு 1818இல் சட்டம் இயற்றியது. கிளையின் காசாளர் மெக்கல்லக் சாதாரணத் தாளிலேயே நோட்டை வெளியிட்டார். 1819இல் உச்ச நீதிமன்றம் அந்த விடுபட்ட சொல்லையே சுட்டிக்காட்டி, காங்கிரஸ் வங்கி தொடங்கலாம், மாநிலம் அதற்கு வரி விதிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் மாநிலத்தின் பக்கம் நின்று வாதாடித் தோற்றவர்களுள் ஒருவர், அதே லூதர் மார்ட்டின்.